காணாமல் போன ஊசிமுனை

என் அண்ணி தைப்பார், நான் குறை கண்டுபிடிப்பேன். வீட்டுச் சண்டையைச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் சம்பளமே அதற்குத்தான். குழந்தைகளுக்கு உடை தைக்கிற கம்பெனியில் அண்ணி டெய்லர், நான் செக்கர். அவர் தைத்த காலர் பெட்டிக்குப் போகுமுன் என் மேஜைக்கு வந்தாக வேண்டும். நாத்தனாரே செக்கிங்கில் உட்கார்ந்திருந்தால் ஒரு மனுஷி எப்படி நிம்மதியாகத் தைப்பாள் என்று எங்கள் தையல் லைனில் எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணியும் சேர்ந்து சிரிப்பார். "வீட்ல சும்மா பண்ற வேலைய இங்க சம்பளம் வாங்கிட்டுப் பண்றா" என்பார்.

ஒரு தடவை அவர் தைத்த காலர் ஒன்றில் நூல் ஒரு மயிரளவு விலகியிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். அண்ணி அதைப் பிரித்துத் தைத்துத் தந்துவிட்டு, அந்த மாதம் முழுக்க என்னோடு பேசவில்லை. நான் மாடி, அவர் கீழ் வீடு. படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் என் அண்ணன். அவன் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறான். எதற்கும் "பாத்துக்கலாம்" என்பதைத் தவிர அவனிடம் வேறு வார்த்தை கிடையாது. கடைசியில் அண்ணியே ஒரு சாயங்காலம் மேலே வந்து, "செக்கரம்மா, டீ போட்ருக்கேன், அதுல ஏதாவது குறை இருந்தா வந்து சொல்லிட்டுப் போ" என்றார். அதிலிருந்து எனக்குச் செக்கரம்மா என்பதே பெயராகிவிட்டது.

அவருக்குக் கம்பெனியில் பெயர் 'காலர்'. பதினெட்டு வயதில் நூல் வெட்டுகிற வேலைக்கு வந்தவர். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் காலியாகக் கிடந்த மிஷினில் உட்கார்ந்து, கழிவுத் துணியில் தைத்துத் தைத்துத் தானே கற்றுக்கொண்டார். குழந்தைச் சட்டைக் காலர் உள்ளங்கை அகலம்கூட இருக்காது. அதில் வளைவு கோணாமல் தைப்பதற்கு அந்தக் கம்பெனியில் அவரை விட்டால் ஆள் இல்லை. நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு யாரையும் புகழ்ந்து பழக்கமில்லை.

அவரிடம் சொந்தமாக ஒரு காந்தக் கட்டை இருந்தது. பாதித் தீப்பெட்டி அளவுதான். ஊசிக்குப் பக்கத்தில் மிஷின் தட்டில் ஒட்டி வைத்துவிட்டால், துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகும், தையல் விலகாது. தன் காசில் வாங்கியதால் அதை யாரையும் தொட விடமாட்டார். வேலை முடிந்ததும் கழற்றி மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார்.

எல்லாம் ஒரு ஊசி ஒடிந்ததில் ஆரம்பித்தது.

குழந்தை உடை தைக்கிற இடத்தில் ஊசி ஒடிவது சின்ன விஷயம் இல்லை. ஊசி ஒடிந்தால் டெய்லர் உடனே கையைத் தூக்க வேண்டும். லைன் நிற்கும். ஒடிந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து, மேலே டேப் ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்துவிட்டது என்று காட்டினால்தான் லைன் மறுபடி ஓடும். ஒரு துணுக்குக் குறைந்தாலும் அங்கே இருக்கிற துணி ஒன்றும் வெளியே போகாது. ஏதோ ஒரு குழந்தையின் கழுத்தில் அது குத்தினால் யார் பதில் சொல்வது?

அன்றைக்கு மஞ்சள் ஃபிராக் தைத்துக்கொண்டிருந்தோம். காலர் மூலையில் துணி தடித்திருந்த இடத்தில் அண்ணியின் ஊசி 'டக்' என்று ஒடிந்தது. அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு கீறல், ஒரு சொட்டு ரத்தம். விரலை வாயில் வைத்துக்கொண்டே மறு கையைத் தூக்கினார். மேல் துண்டு மிஷினிலேயே இருந்தது. ஊசியின் காது இருக்கும் இடத்தில் ஒடிந்து, பாதிக் காதோடு நின்றது. கீழே உள்ள முனை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

தேடினோம் பாருங்கள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினோம். மெக்கானிக் வந்து மிஷின் தலையைத் தூக்கி, எண்ணெய்த் தட்டைத் துழாவினார். அவருக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று அண்ணி முன்பே காந்தக் கட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். சூப்பர்வைசர் இரும்பைக் கண்டால் கத்துகிற கருவியை எடுத்துவந்து, ஃபிராக்குகள், தரை, நாற்காலி, ஆட்கள் என்று எல்லாவற்றின் மேலும் ஓட்டினார். அண்ணியின் மேல்கோட்டுப் பையருகே அது கத்தியது. அண்ணி காந்தக் கட்டையை எடுத்துக் காட்டினார். "அது கத்தத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

முனை கிடைக்கவில்லை. அந்த மஞ்சள் ஃபிராக் மொத்தமும் கிழித்துக் கழிவில் போடப்பட்டது. லைனுக்கு வரவேண்டிய போனஸ் போயிற்று. அதோடு விட்டார்களா? ஊசி காலையிலேயே ஒடிந்திருக்கும், பயத்தில் முனையை எங்கேயோ எறிந்துவிட்டு, வேறு ஊசி மாட்டித் தைத்துவிட்டு, பிறகு ஒடிந்த மேல் துண்டைத் திரும்ப மாட்டி நாடகம் ஆடுகிறாள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சூப்பர்வைசர் அதை நம்பினார். அண்ணியைக் காலரிலிருந்து எடுத்துப் பட்டன் மிஷினில் போட்டார். இருபத்தேழு வருஷம் தைத்த மனுஷியை.

நான் சூப்பர்வைசரிடம் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவர், "நீ அவங்க வீட்டு ஆளு, அப்படித்தான் பேசுவ" என்று முடித்துவிட்டார். பட்டன் மிஷினுக்குக் காந்தம் வேண்டாம் என்பதால் அண்ணி கட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். அதற்கப்புறம் அது கரண்ட் பில்லையும் கேஸ் ரசீதையும் பிடித்துக்கொண்டு கிடந்தது.

சில மாதம் கழித்து அந்த ஆள்காட்டி விரல் நுனி வீங்கியது.

முதலில் நகச்சுத்தி என்றுதான் நினைத்தார். சுடுதண்ணீரில் விரலை முக்கி வைத்தார். சிவப்பு குறையவில்லை, நகம் மேலே தூக்கிக்கொண்டு வந்தது, தொட்டால் உயிர் போனது. தெருமுனைக் கிளினிக் டாக்டர் சீழ் கோத்திருக்கிறது என்று கீறிப் பார்த்தார். சீழே வரவில்லை. கறுத்த ரத்தம் மட்டும் வந்து, நிற்க வெகுநேரம் ஆயிற்று. மாத்திரை கொடுத்தார். அது முடிந்து வேறு மாத்திரை கொடுத்தார். விரல் நுனி உருண்டு திரண்டு, அந்தக் கையில் அது மட்டும் வேறு யாருடைய விரலோ போல இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"செக்கரம்மா, நல்லா பாரு. இது எந்த விரல்?"

"ஆள்காட்டி விரல்."

"அன்னிக்கு ஊசி கீறின விரல். அந்த முனை எங்க போச்சு தெரியுமா? இதுக்குள்ள போயிருக்கு. இத்தன நாள் உள்ள சும்மா கிடந்துட்டு இப்ப வேலையக் காட்டுது."

எனக்கும் அது சரி என்றே பட்டது. ஊசி வேலை செய்கிறவர்கள் வேறு எப்படி யோசிப்பார்கள்? ஒரு ஊசியைக் காணோம், ஒரு விரல் வீங்கியிருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க அரை நிமிஷம் போதும். செய்தி லைன் முழுக்கப் பரவியது. போனஸ் போன கோபத்தில் பேசாமல் இருந்தவர்கள் வந்து விரலைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். "அடப்பாவமே, இத வச்சுக்கிட்டா இத்தன நாள் தச்சீங்க" என்றார்கள். சூப்பர்வைசர்கூட வந்து நின்று பார்த்துவிட்டு, "எக்ஸ்ரே எடுத்துட்டு வந்து காட்டுங்க" என்றார்.

அண்ணி எக்ஸ்ரே எடுக்கப் போன மாதிரி யாரும் போயிருக்க மாட்டார்கள். நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, தலை சீவி, ஏதோ பரிசு வாங்கப் போகிறவர் போலப் புறப்பட்டார். எடுத்த ஊசியைப் போட்டுக் கொண்டுவர ஒரு குட்டி டப்பாவைக்கூடப் பையில் வைத்திருந்தார். அண்ணனும் நானும் கூடப் போனோம். கொஞ்ச நாளாகக் கெண்டைக்கால் வலிக்கிறது என்று மெதுவாகத்தான் நடந்தார். "வருஷக்கணக்கா பெடல் மிதிச்ச காலு, வலிக்காம என்ன செய்யும்" என்றேன். நடுநடுவே இருமினார். லைனில் இருமாதவர் யார்? பஞ்சுத் தூசியில் உட்கார்ந்திருக்கிறோம்.

பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். நான் செக்கர், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்து விரலில் நான்கின் நுனியில் ஒரு குட்டி எலும்பு இருந்தது. ஐந்தாவதில் இல்லை. நகத்துக்குக் கீழே எலும்பு இருக்கவேண்டிய இடத்தில், செல்லரித்த மாதிரி ஒரு விளிம்பு மட்டும் இருந்தது.

"ஊசி எங்க டாக்டர்?" என்று அண்ணி கேட்டார்.

"ஊசி இல்லம்மா. இரும்பு இருந்தா பளிச்சுனு வெள்ளையா தெரியும்."

"கை ஆடியிருக்கும். இன்னொரு தடவ எடுங்க."

டாக்டர் நல்லவர், வேறு பக்கமாகத் திருப்பி இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அதிலும் ஊசி இல்லை, அதிலும் எலும்பு இல்லை. அவர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அண்ணியிடம் திரும்பினார்.

"நீங்க புகை பிடிப்பீங்களா?"

அண்ணி என்னைப் பார்த்தார். விரலைக் காட்ட வந்த இடத்தில் இது என்ன கேள்வி என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "டாக்டர், ஊசி கீறினது விரல்ல" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நெஞ்சையும் ஒரு படம் எடுத்துவிடலாம் என்றார். விரல் சதையில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

நெஞ்சுப் படத்தில் வலது பக்கம் மேலே ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது.

முடிவு வந்த அன்று எங்களை வேறு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா. எங்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகு சொன்னார். நுரையீரலில் கேன்சர். அது அங்கேயிருந்து கிளம்பி விரல் நுனிக்கு வந்திருக்கிறது. விரலில் எடுத்த சதையில் இருந்தது நுரையீரலின் செல்.

நுரையீரல் எங்கே, விரல் நுனி எங்கே? புகை பிடிப்பவர் நின்ற இடத்தில்கூட நிற்காத மனுஷி. அண்ணன் "பாத்துக்கலாம்" என்று சொல்ல வாயைத் திறந்தான், பாதிக்கு மேல் சத்தம் வரவில்லை.

"இது ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டரம்மா. "வழக்கமா கல்லீரலுக்குப் போகும், மூளைக்குப் போகும், முதுகெலும்புக்குப் போகும். விரலுக்கு வர்றத நான் படிச்சிருக்கேன், பாத்ததில்ல. முன்னாடி ஒருத்தருக்கு ஈறுல வந்துச்சு. பல்லுதான் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு பல்லப் புடுங்கிட்டு அப்புறம்தான் எங்கிட்ட வந்தாரு. வேற எங்கயாவது வலி, கட்டி ஏதாவது இருக்கா?"

அண்ணி யோசித்துவிட்டு, "கால் வலிக்கும், பெடல் மிதிக்கிறதால" என்றார்.

டாக்டரம்மா கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். ஓர் இடத்தில் அவர் விரல் நின்றது. என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். சதைக்குள் புளியங்கொட்டை அளவில் ஒன்று கெட்டியாக நின்றது. ஸ்கேனில் அதுவும் அதேதான் என்று தெரிந்தது. நுரையீரலில் கிளம்பியது கால் சதையில் போய் உட்கார்ந்திருக்கிறது.

இன்றைக்கும் எனக்கு இதுதான் ஆறவில்லை. அந்த உடம்பு எங்களிடம் சொல்லாமல் இல்லை. இருமிச் சொன்னது, பஞ்சு என்றோம். காலில் சொன்னது, பெடல் என்றோம். விரலில் சொன்னது, ஊசி என்றோம். எல்லாவற்றுக்கும் எங்கள் கம்பெனியிலேயே ஒரு காரணம் தயாராக இருந்தது.

டாக்டரம்மா ஒளிக்காமல் பேசினார். முழுசாக அழித்துவிட முடியாது, ஆனால் அடக்கி வைக்க மருந்து உண்டு. புகை பிடிக்காதவர்களில் சிலருக்கு வெறும் மாத்திரையே நன்றாக வேலை செய்யும், அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. விரலுக்கும் காலுக்கும் கரண்ட் வைத்தால், அதாவது கதிர்வீச்சு கொடுத்தால், வலி குறையும். எதுவானாலும் இந்த வாரமே ஆரம்பிக்க வேண்டும். "தள்ளிப் போடாதீங்க" என்று மூன்று பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னார்.

அண்ணி எழுந்தார். "சரிங்க டாக்டர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வாசல் தாண்டியதும் அண்ணனிடம், "ஸ்டிக்கர் மாறிப்போச்சு" என்றார்.

"என்ன ஸ்டிக்கர்?"

"சதைய எடுத்து டப்பால போட்டு ஸ்டிக்கர் ஒட்டினாங்கல்ல, அது. நம்ம கம்பெனில மாறுறதில்ல? ஒரு சைஸ் கை இன்னொரு சைஸ் உடம்புல ஏறி வந்ததில்ல? செக்கரம்மா, நீயே எத்தன புடிச்சிருக்க. அங்கயும் நம்மள மாதிரி ஆளுங்கதான் ஒட்டுறாங்க. யாருக்கோ வந்த நோய எனக்கு ஒட்டிட்டாங்க."

"படத்துல தெரிஞ்சதே அண்ணி, நெஞ்சுல."

"பஞ்சு. உன்ன எடுத்தா உனக்கும் தெரியும்."

"கால்ல கட்டி இருக்கே."

"நரம்பு சுருண்டிருக்கும். எனக்குக் கேன்சர்னா என் விரலுக்குள்ள இருக்கிற ஊசி எங்க போச்சு? அத யாராவது சொன்னாங்களா? ஊசி எங்கன்னு சொல்லட்டும், நான் அவங்க சொல்ற எடத்துல கையெழுத்துப் போடுறேன்."

அவர் பிடித்த பிடி அதுதான். நான் கெஞ்சினேன், கத்தினேன், டாக்டரம்மாவிடம் போனில் பேச வைத்தேன். எல்லாரிடமும் ஒரே பதில்: ஊசி எங்கே? ஊசி கிடைக்காதவரை அது விரலில்தான் இருக்கிறது. விரலில் ஊசி இருக்கிறவரை அவருக்குக் கேன்சர் இல்லை. அண்ணனும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டான். பெண்டாட்டிக்குச் சாவு நோய் என்பதைவிட, ஊசி என்பதை நம்புவது அவனுக்கு எவ்வளவோ சுலபம். நானும் மனசுக்குள் ஒரு மூலையில் அதையே நம்பப் பார்த்தேன் என்பதால் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாரம் போயிற்று, அடுத்த வாரமும் போயிற்று. விரல் கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணிக்குக் கையைத் தொங்கவிட முடியவில்லை. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் மேலே தூக்கியே வைத்திருந்தார். ஊசி ஒடிந்தால் தூக்குவார்களே, அப்படி.

இனி இவரோடு பேசிப் பயனில்லை என்று, அந்த ஊசிமுனையைத் தேடக் கிளம்பினேன். விரலில் இல்லை என்று காட்டினால்தான் அசைவார். மெக்கானிக்கைக் கையைக் காலைப் பிடித்து, ஓய்வு நேரத்தில் அந்தப் பழைய காலர் மிஷினைத் திறக்க வைத்தேன். எண்ணெயை வடிகட்டினோம். பெடலைக் கழற்றினோம். நாற்காலி மெத்தையைப் பிரித்து நூல் நூலாகப் பார்த்தேன். தேடும்போதெல்லாம் கிடைக்க வேண்டும் என்று ஒரு மனசும், கிடைக்கக்கூடாது என்று ஒரு மனசும் அடித்துக்கொண்டன. ஏனென்றால், கிடைத்துவிட்டால் அண்ணியின் விரலில் இருப்பது என்ன என்பதில் எனக்கும் சந்தேகம் இருக்காது. அங்கே ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் கீழ் வீட்டுக்குப் போனேன். அண்ணனும் அண்ணியும் மேஜையருகே உட்கார்ந்து மறுநாளைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைத்தெருவில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற பழைய கம்பவுண்டர் ஒருவர், விரலை ஆழமாகக் கீறி ஊசியை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். காலையில் முதல் ஆளாக வரச் சொன்னாராம். அண்ணி அந்தக் குட்டி டப்பாவைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த விரலைக் கீறினால் ரத்தம் நிற்காது என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். "ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்ன தேதி என்னன்னாவது தெரியுமா உங்களுக்கு" என்று சமையலறைக்குப் போய், ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் காந்தக் கட்டையும் சேர்ந்து வந்து தரையில் விழுந்தது.

குனிந்து எடுத்தேன். கதவோடு ஒட்டியிருந்த பக்கம் சுத்தமாக இருந்தது. பக்கவாட்டில், மிஷினில் இருந்தபோது துணி உரசி உரசி, எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து அப்பியிருந்தது. அந்தப் பஞ்சுக்குள் ஏதோ மினுங்கியது.

நகத்தால் பஞ்சை விலக்கினேன். ஊசிமுனை. காந்தத்தோடு படுத்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒடிந்த நுனியில் பாதிக் காது. அந்தப் பாதிக் காதில் ஒரு இழை மஞ்சள் நூல்.

கருவி அன்றைக்கே கத்தியது. காந்தம் கத்தத்தான் செய்யும் என்று நாங்கள்தான் விட்டுவிட்டோம்.

பக்கத்து அறையில் அண்ணி ஏதோ சொல்ல, அண்ணன் சிரிப்பது கேட்டது. வெகு நாளைக்குப் பிறகு சிரிக்கிறான். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன ஆகும் என்று தெரியும். திரும்பக் கதவில் ஒட்டிவிட்டு மாடிக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் நாளைக் காலையில் கம்பவுண்டர் கத்தியோடு காத்திருப்பார். காந்தத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய் அண்ணியின் முன்னால் நீட்டினேன்.

"அண்ணி, இங்க பாருங்க."

அண்ணி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். விளக்கருகே என் கையை இழுத்துக் குனிந்து பார்த்தார். வலது கை நகத்தால் முனையை மெதுவாக நகர்த்தினார். அந்த நூலின் நிறத்தை அவரால் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியும்.

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"கிடைச்சிருச்சு" என்றார். "என்னங்க, இங்க பாருங்க, கிடைச்சிருச்சு. பாதிக் காது இருக்கு பாருங்க. அன்னிக்கு மேல் துண்டுல பாதி இருந்துச்சுல்ல, இது மீதி. நான் எங்கயும் தூக்கிப் போடல. காலைல ஒடியவும் இல்ல. நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல செக்கரம்மா."

"நாந்தான் அப்பவே சொன்னேனே, நீ அப்படிச் செய்ற ஆளா" என்று அண்ணனும் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏன் இவள் சிரிக்கவில்லை என்று பார்த்தார். பிறகு, மேலே தூக்கி வைத்திருந்த இடது கையைப் பார்த்தார். சிரிப்பு உடனே போய்விடவில்லை. உதடு சிரித்தபடியே இருந்தது, கண் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. அப்படி ஒரு முகத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம்.

"அப்ப இதுக்குள்ள இருக்கறது என்னங்க?" என்று அண்ணனைக் கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"டாக்டரம்மா சொன்னதுதான் அண்ணி."

அண்ணி அழவில்லை. அண்ணன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அவர் வலது கையால் அவன் முதுகைத் தடவிக்கொண்டே, அந்த விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத் தாளும் டேப்பும் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். ஒட்டித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். ஊசிமுனையைத் தாளின் நடுவில் வைத்து, நூல் இழை விலகாமல் நேராக்கி, ஒற்றைக் கையாலேயே டேப்பை மேலே போட்டுச் சுருக்கமில்லாமல் தேய்த்தார். வீங்கிய விரல் எதிலும் படாமல் தனியாக நின்றது.

"காலைல கம்பவுண்டருக்கு போன் பண்ணி வரலன்னு சொல்லிடுங்க" என்று அண்ணனிடம் சொன்னார். தாளை என் பக்கம் தள்ளினார்.

"இத நீ கொண்டுபோய் சூப்பர்வைசர்கிட்ட குடு. நூலக் காட்டு. மேல் துண்டு அங்கதான் இருக்கும், சேத்து வச்சுப் பாக்கச் சொல்லு."

"நீங்களே வந்து குடுங்க அண்ணி. அந்த ஆள் முகத்துல நீங்கதான் காட்டணும்."

"எனக்கு எங்க நேரம்?" என்றார் அண்ணி. "நான் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல."